பெர்த் பயணம்: அதிகம் பேர் போகாத சிறிய ஒயினரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆயிர்இத்தாம்_அக்கா:

வணக்கம். தீபாவளி விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் பெர்த் போகிறோம். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் (கேஎல்) வந்து அங்கிருந்து நேர் விமானம். கையில் ஐந்து முழு நாள். ஒயின் சுவைப்பதுதான் முக்கிய வேலை. பெர்த்துக்குத் தெற்கே உள்ள மார்கரெட் ரிவர் ஒயின் வட்டாரத்தின் பெரிய பெயர்களை இங்கேயே கடையில் வாங்கிவிடலாம். அதனால் இங்கே வராத சிறிய இடங்களைப் பார்க்க ஆசை. இணையத்தில் தேடினால் பட்டியல் முடிவில்லாமல் நீள்கிறது. எதை வைத்து வடிகட்டுவது? கார் வாடகைக்கு எடுக்கிறோம். எங்களில் ஒருவர் சுத்த சைவம்; ஒயினில் முட்டை, மீன் எல்லாம் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தயங்குகிறார். இன்னும் தள்ளி, ஆல்பனி பக்கமுள்ள கிரேட் சதர்ன் ஒயின் வட்டாரம் வரை போவது சரிப்படுமா?

செந்தூல்வாசி:

அக்கா, ஒயினரிப் பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எந்தத் திராட்சை, எந்த மண் என்று முடிவு செய்யுங்கள். சிவப்பில் கேபர்னே சோவின்யோனும் வெள்ளையில் ஷார்டனேயும் வேண்டுமென்றால் மார்கரெட் ரிவர். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை என்றால் கிரேட் சதர்ன். வெர்டெல்யோ, ஷெனின் பிளாங், இனிப்பான ஃபோர்ட்டிஃபைட் (ஆல்கஹால் கூட்டிய) வகைகள் என்றால் பெர்த்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்வான் வேலி. இப்படிப் பிரித்தாலே பட்டியலில் பாதி கழன்றுவிடும்.

அடுத்தது, ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் பழத்திலிருந்து சுமார் 700 லிட்டர் ஒயின் வரும். பாட்டிலாகச் சொன்னால் 900க்குச் சற்று மேல், 12 பாட்டில் பெட்டியாகச் சொன்னால் 75க்கும் 80க்கும் நடுவில். ஐந்து ஹெக்டேர் தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஆறு டன் எடுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 2,300 பெட்டி. இவ்வளவுதான் தோட்டம் என்று சொல்லிவிட்டு இருபது வகை ஒயின் விற்கிறார்கள் என்றால், பழமோ ஒயினோ வெளியிலிருந்து வருகிறது. அது குற்றமில்லை; ஆனால் நீங்கள் தேடிப் போகிற இடம் அதுவல்ல. ஆஸ்திரேலியச் சட்டப்படி லேபிளில் ஒரு வட்டாரத்தின் பெயரைப் போட 85 விழுக்காடு பழம் அங்கிருந்து வந்தால் போதும். ஆகவே லேபிளில் 'மார்கரெட் ரிவர்' என்று இருப்பது மட்டும் அந்தத் தோட்டத்துக்குச் சாட்சி ஆகாது. 'எஸ்டேட் க்ரோன்' (சொந்தத் தோட்டத்தில் விளைந்தது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நல்ல அறிகுறி எது என்றால், ஐந்து முதல் எட்டு ஒயின்தான் இருக்கும். ஒரே திராட்சையை வெவ்வேறு பாத்தியிலிருந்து தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பழைய ஆண்டுப் பாட்டில்களும் கொஞ்சம் விற்பனைக்கு வைத்திருப்பார்கள். ஒயினைவிட மிட்டாயும் சீஸும் டி-சட்டையும் அதிக இடத்தை அடைத்திருந்தால் சுற்றுலா பஸ்ஸுக்கான இடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேர்ந்தெடுத்த பிறகு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எத்தனை பேர், எந்த நாள், எந்த நேரம், எந்தத் திராட்சையில் ஆர்வம் என்று எழுதிவிட்டு நான்கே கேள்வி கேளுங்கள்: பழம் சொந்தத் தோட்டத்ததா, ஒயினை அங்கேயே செய்கிறீர்களா, சுவைக்க முன்பதிவு வேண்டுமா, கட்டணம் எவ்வளவு. இரண்டாவது கேள்வி முக்கியம். பல சிறிய லேபிள்கள் வேறோர் ஆலையில் ஒப்பந்தத்துக்குச் செய்யப்படுகின்றன. அப்படி ஒரே ஆலையில் செய்த மூன்றை ஒரே நாளில் போட்டால் ஒரே கையின் ருசியைத்தான் மூன்று தடவை குடிப்பீர்கள். சிறிய இடங்கள் வார நடுவில் மூடியிருப்பது சகஜம், வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் திறப்பவையும் உண்டு. முன்கூட்டியே எழுதாமல் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்ப்பதுதான் இந்த மாதிரிப் பயணத்தில் அடிக்கடி நடக்கும் கோளாறு.

இன்னொன்று. பெரிய பெயரை அடியோடு ஒதுக்காதீர்கள். முதல் நாள் ஒரே ஒரு பெரிய இடம் போங்கள், அளவுகோல் மாதிரி. வாஸ் ஃபெலிக்ஸ் 1967இல் தொடங்கியது, மார்கரெட் ரிவரின் முதல் வணிகத் தோட்டம். அங்கே கேபர்னேயைச் சுவைத்துவிட்டுப் பக்கத்துச் சிறிய இடங்களுக்குப் போனால், எது இடத்தின் ருசி, எது செய்பவரின் ருசி என்று நாக்குக்குப் பிடிபடும்.

கொடிமுந்திரி:

சைவக்காரருக்கு முதலில். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளை, பாலின் கேசீன், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அவை அடியில் படிந்து, பிறகு வடிகட்டி நீக்கப்படும். ஆனாலும் சைவ உணவுக்காரர்களுக்கு அது ஒப்பாது. ஆஸ்திரேலிய லேபிளில் முட்டையும் பாலும் குறிப்பிடப்படும். ஐசிங்கிளாஸுக்கு விலக்கு உண்டு, அதனால் லேபிளைப் படித்து மட்டும் முடிவு செய்ய முடியாது. 'வீகனா?' (விலங்குப் பொருள் எதுவும் சேராததா) என்று நேராகக் கேளுங்கள். பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளிய வைத்தது என்றால் கவலையில்லை. தெளிய வைக்காமலே அடைப்பவர்களும் சிறிய இடங்களில் நிறைய. பாட்டிலின் அடியில் கொஞ்சம் வண்டல் இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் போகிற நேரம் அருமையானது. அக்டோபர், நவம்பரில் மார்கரெட் ரிவரில் கொடி பூக்கும். திராட்சைப் பூ கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். இதழ் விரியாது, பச்சைத் தொப்பி ஒன்று கழன்று விழும், உள்ளே வெளிர் மஞ்சள் கேசரம். அந்த நேரத்தில் கடல் காற்றும் மழையும் அடித்தால் கரு சரியாகப் பிடிக்காது. அங்கே ஷார்டனேயில் ஜின்ஜின் என்ற கொடி வகை அதிகம். அது இயல்பிலேயே ஒரு கொத்தில் பெரிய பழமும் மிளகு அளவுப் பழமும் கலந்து காய்க்கும். 'கோழியும் குஞ்சும்' என்றே அவர்கள் சொல்வார்கள். சின்னப் பழத்தில் சாற்றைவிடத் தோல் அதிகம், அதனால் ருசி செறிவாக இருக்கும், விளைச்சல் குறையும். 'உங்கள் ஷார்டனே ஜின்ஜினா?' என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு உங்களைக் கொடிப் பக்கம் அழைத்துப் போய்விடுவார்.

ஆனால் அவர் அழைக்காமல் வரிசைக்குள் இறங்காதீர்கள். வேரை அரிக்கும் ஃபைலோக்செரா பூச்சி மேற்கு ஆஸ்திரேலியாவில் இல்லை. விக்டோரியாவில் சில வட்டாரங்களில் இருக்கிறது, காலணி மண்ணிலேயே பயணம் செய்யும். முன்பு வேறு எந்தத் தோட்டத்துக்காவது போட்டுப்போன காலணி என்றால் நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள், எல்லையிலேயே பறித்துக்கொள்வார்கள்.

சுவைக்கும்போது வெள்ளை, ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். காலையில் சம்பல் சாப்பிட்டுவிட்டுப் போனால் மதியம் வரை ரீஸ்லிங்கின் புளிப்பு நாக்கில் ஏறாது. கூட்டம் குறைந்த இடத்தில் 'இந்தப் பாட்டில் எப்போது திறந்தது?' என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் திறந்தே இருந்தால் பழ வாசம் போய்த் தட்டையாக இருக்கும். ஒயின் மோசம் என்று தவறாக எடை போட்டுவிடுவீர்கள். கேட்டால் பெரும்பாலும் புதிய பாட்டிலைத் திறப்பார்கள். பத்து வருட ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் அது கெட்டுப்போனதல்ல, அந்தத் திராட்சைக்கு வயதானால் வருகிற மணம்.

பட்டர்வொர்த்_டிரைவர்:

கிரேட் சதர்ன் பற்றி. ஐந்து நாளில் இரண்டையும் பிடிக்கலாம், ஆனால் சாலையில்தான் கழியும். பெர்த்திலிருந்து மார்கரெட் ரிவர் 270 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கிருந்து கிரேட் சதர்னில் இருக்கும் டென்மார்க் ஊருக்கு இன்னும் நான்கு மணி. ஆல்பனியிலிருந்து பெர்த் திரும்ப 400க்கு மேல், ஐந்து மணி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பயணத்தையும் கூட்டினால் ஒன்றரை நாள் போய்விடும். என் கருத்து: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மார்கரெட் ரிவர் என்றால் வட்டாரமே வடக்கு தெற்காக 100 கிலோமீட்டர் நீளம். ஒரு நாளைக்கு ஒரு மூலை. வில்யாப்ரப் பக்கம் ஒரு நாள்: உட்லண்ட்ஸ், ஃப்ரேசர் கேலப், ஜுனிப்பர் ஒயினரிகள் எல்லாம் அக்கம்பக்கம், கேபர்னேக்கு அந்த மண்தான். தெற்கே காரிடேல், விட்ச்கிளிஃப் பக்கம் இன்னொரு நாள். அங்கே குளிர் கூடுதல், வெள்ளை ஒயின் கூர்மையாக இருக்கும், வருகிறவர்களும் குறைவு. ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி. நான்காவதை நுழைத்தால் கடைசி இடத்தில் நாக்கு மரத்துப்போயிருக்கும். சிறிய இடங்களில் சமையலறை இருக்காது, மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டுபவர் விஷயம். அங்கே இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.05 விழுக்காடு. ஒரு இடத்தில் 30 மில்லி வீதம் ஆறு ஒயின் என்றால் 180 மில்லி. அதுவே ஏறக்குறைய இரண்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க், அதாவது 20 கிராம் ஆல்கஹால். மூன்று இடத்தில் ஆறு. ஓட்டுபவர் முழுதாகத் துப்ப வேண்டும், அல்லது அன்றைக்குக் குடிக்கவே கூடாது. மேசையில் துப்புவதற்குப் பாத்திரம் இருக்கும், துப்புவதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஜேபிஜேவில் (சாலைப் போக்குவரத்துத் துறை) சர்வதேச உரிமமும் எடுத்துவிடுங்கள். நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதில் சிக்கல் இல்லை. பொழுது சாயும் நேரம்தான் ஆபத்து: கேவ்ஸ் ரோட்டில் இரண்டு பக்கமும் மரம், கங்காரு குறுக்கே பாயும். நாலரை மணிக்கு முடித்துக்கொண்டு வெளிச்சத்திலேயே தங்குமிடம் சேருங்கள்.

கொடிமுந்திரி:

டிரைவர் அண்ணன் சொல்கிற தூரக் கணக்கு சரி. ஆனால் 'அதிகம் பேர் போகாத இடம்' என்பதுதான் அக்காவின் கேள்வி. அதற்குப் பதில் கிரேட் சதர்னில் இருக்கும் போரோங்குரப். கருங்கல் குன்றின் அடிவாரச் சரிவு, கேசில் ராக், டியூக்ஸ் போன்ற சிறிய தோட்டங்கள், எலுமிச்சைத் தோல் மணக்கும் ரீஸ்லிங். மார்கரெட் ரிவரை அடுத்த பயணத்துக்கு வைத்துவிட்டு, பெர்த்திலிருந்து நேராக ஆல்பனி போய் மூன்று இரவு தங்குங்கள். ஆல்பனியிலிருந்து டென்மார்க் 55 கிலோமீட்டர், மவுண்ட் பார்க்கர் 50, அங்கிருந்து போரோங்குரப் இன்னும் 20. வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி ஏற்றும் வேலையே இல்லை. கிரேட் சதர்னின் இன்னொரு பகுதியான ஃபிராங்க்லண்ட் ரிவர் மட்டும் உள்நாட்டில் தனியே இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

ஆயிர்இத்தாம்_அக்கா:

மிக்க நன்றி. வீட்டுக்காரருக்கு ரீஸ்லிங்தான் பிடிக்கும், ஆகவே ஆல்பனி என்று முடிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே?

செந்தூல்வாசி:

மலேசியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு ஒரு லிட்டர் மதுபானம். ஒயின் பாட்டில் 750 மில்லி என்பதால் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது பாட்டில் இருந்தால் சுங்கச் சோதனையில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவில் கட்டிய வரியைத் திரும்பப் பெற ஒரே விற்பனையாளரிடம் 300 ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாமல், புறப்படுவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். ஜிஎஸ்டி விலையில் பதினொன்றில் ஒரு பங்கு. ஒயினுக்கென்று இருக்கும் தனி வரியில் விலையின் 14.5 விழுக்காடும் சேர்ந்து வரும். 330 டாலர் பில்லுக்கு 30ம் 47.85ம். ஆனால் சிறிய இடங்களில் ஒன்றிரண்டு பாட்டில் வாங்கும் உங்களுக்கு அந்த 300 வராது. இதற்காகக் கூடுதலாக வாங்காதீர்கள். அப்படியே வந்தாலும், பாட்டிலைப் பெட்டிக்குள் கட்டிச் செக்-இன் செய்வதற்கு முன்பே விமான நிலையத்தில் எல்லைப் படை அதிகாரியிடம் காட்ட வேண்டும்.

ஒரு பாட்டில் 1.2 முதல் 1.5 கிலோ வரை வரும், பெட்டி எடையில் கணக்கு வையுங்கள். பயணத்தில் பாட்டிலை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டு வைக்காதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து மூடியைத் தள்ளிக் கசியும், ருசியும் கெடும். வீடு வந்ததும் அலமாரியில் நிற்க வைக்காமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அங்கே வாங்குகிற ரீஸ்லிங் பெரும்பாலும் திருகு மூடி, படுக்க வைக்க வேண்டிய கட்டாயமில்லை.