மீன் ஏற்றும் பிக்கப்புக்கு ஹெட்லைட் பல்பு: 100/90-ஆ, எல்.இ.டி.யா, பழையபடி 60/55-ஆ?

கடலூர் பிக்கப்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016 மாடல் பொலிரோ பிக்கப். முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றி, இருட்டு விலகுவதற்குள் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறக்கவேண்டும். ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறினால் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று வழி முழுக்க ஊர்தான். ரோட்டில் மாடு படுத்திருக்கும், பின் லைட் இல்லாமல் சைக்கிள் போகும். மதுக்கடைகள் இருக்கும் முள்ளோடைப் பக்கம் ராத்திரியில் ரோட்டைக் கடக்கிறவர்கள் எந்த நிலையில் கடப்பார்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

போன வாரம் இடது பக்க டிம் பியூஸ் போய்விட்டது. பிரைட் மட்டும் எரிகிறது. பல்பைக் கழற்றிப் பார்த்தேன், அடியில் எச்4 (பல்பு வகை), 12 வோல்ட், 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) என்று போட்டிருக்கிறது. வலது பக்கம் எரிகிறது, ஆனால் எரிந்தும் ஒன்றுதான், எரியாவிட்டாலும் ஒன்றுதான். எதிரே ஒரு பஸ் வந்துவிட்டால் என் முன்னால் ரோடே இல்லை.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இரண்டையும் நல்லதாகப் போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் 100/90 எடுத்து வைத்து, "இதைப் போடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்கிறார். கூட லோடு அடிக்கிற பையன் எல்.இ.டி. என்கிறான், வெளிச்சத்தின் நிறம் 6500 கெல்வினாம், அவன் வண்டியைப் பார்த்தால் வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கிறது. என் மாமா பழைய லாரி டிரைவர். அவர், "அதே 60/55 போடு, மிச்சக் காசுக்கு டயரைப் பார்" என்கிறார்.

வருடா வருடம் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகிற வண்டி, அங்கேயும் பிரச்சனை வரக்கூடாது. எதைப் போடுவது? போட்டவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் வேகன்:

யோசிக்கவே வேண்டாம் பாஸ், எல்.இ.டி. போடுங்க. நான் காரில் போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் எச்4 மாதிரி இழை எரிகிற ஹாலஜன் எல்லாம் அந்தக் காலம். கரண்டும் கம்மியாக இழுக்கும், பேட்டரிக்கு நல்லது. ஃபேன் வைத்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஓ.டி. வயரிங்காரன்:

தம்பி, நான் முதுநகரில் வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். மீன் வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பல்பு வாங்குவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் கடன் வாங்கு. இன்ஜினை ஓடவிட்டு டிம் போட்டுக்கொள். முதலில் பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பார். அப்புறம் எரிகிற வலது பல்பின் ஹோல்டருக்குப் பின்புறமாக மீட்டர் முனையைச் சொருகி, டிம் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் எவ்வளவு வருகிறது என்று பார். ஹோல்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பயனில்லை. கரண்டு ஓடும்போதுதான் குறைகிற வோல்டேஜ் தெரியும்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஹாலஜன் பல்பு வோல்டேஜ் குறைவைத் தாங்காது. பல்பின் அளவுகளையே 13.2 வோல்ட்டில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அந்த வோல்டேஜில் எச்4 பல்பு பிரைட்டில் 1650 லூமன், டிம்மில் 1000 லூமன் (வெளிச்சத்தின் அளவு), கொஞ்சம் முன்னே பின்னே தரவேண்டும் என்பது கணக்கு. 13.5 வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் பத்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். வெளிச்சத்திலோ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். பல்பு மஞ்சளடிக்கும். நீ எழுதியிருப்பதைப் படித்தால் உன் வண்டியில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

மீன் வண்டியில் இது சகஜம். உப்புக்காற்று ஒரு பக்கம், பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் இன்னொரு பக்கம். பல்பு ஹோல்டரைக் கழற்றினால் பின்களில் பச்சை பூத்திருக்கும். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பாடியில் எர்த் வயர் ஒரு போல்ட்டில் முடுக்கியிருக்கும் பார், அதைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் துரு பொடிப்பொடியாக உதிரும். கரண்டு அந்தத் துருவைத் தாண்டித்தான் போயாகவேண்டும்.

இப்போது 100/90-க்கு வருகிறேன். 60 வாட் பல்பு ஒன்று சுமார் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல். இரண்டு பக்கமும் சேர்த்தால் 16, 17 ஆம்பியர் அதே மெல்லிய வயரிலும் அதே ஸ்டியரிங் சுவிட்சிலும் போகவேண்டும். கரண்டு கூடக்கூட வழியில் சாகிற வோல்டேஜும் கூடும். ஆக, காசு கொடுத்த வெளிச்சம் பாதி வயரைச் சூடாக்கத்தான் போகும். ஹோல்டர் பிளாஸ்டிக் உருகிப் பல்போடு ஒட்டிக்கொண்ட வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன், சுரண்டித்தான் எடுக்கவேண்டும். சூட்டில், பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற ரிஃப்ளெக்டர் கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சும் கருகும். தவிர, அது ரோட்டு வண்டிக்குச் சட்டப்படியான வாட் இல்லை.

எல்.இ.டி.க்கு வேறு பிரச்சனை. எச்4 பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். உள்ளே இரண்டு இழை இருக்கும். டிம் இழைக்குக் கீழே மட்டும் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு. டிம் போட்டால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, அது கீழ்நோக்கி ரோட்டில் விழுவதற்காக வைத்தது அது. அந்த இழை ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலே ரோட்டில் விழும் கோடு கலைந்துவிடும். ரிஃப்ளெக்டரைச் செய்ததே அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்குப் பண்ணித்தான். அங்கே சிப் ஒட்டிய கட்டையைக் கொண்டுபோய் வைத்தால், வெளிச்சம் நிறைய வரும், விழவேண்டிய இடத்தில் விழாது. உனக்குப் பம்பருக்கு முன்னால் பளீரென்று தெரியும். தூரத்தில் படுத்திருக்கும் மாடு தெரியாது. எதிரே வருகிறவனுக்கோ கண் அவிந்துவிடும். வில்லியனூர் தம்பி சொல்கிற ஃபேன் வேறு இருக்கிறது. உப்புக்காற்றில் அந்தச் சின்ன ஃபேன் எத்தனை நாள் சுற்றும் என்று நினைக்கிறீர்கள்? அது நின்றால் சிப் சூடேறி மங்கும்.

கம்பெனியிலேயே எல்.இ.டி. லைட்டாக வருகிற வண்டி வேறு விஷயம். அங்கே லென்ஸும் ரிஃப்ளெக்டரும் அதற்கென்றே செய்தவை.

நீலப் பூச்சு பூசிய ஹாலஜனும் கடையில் காட்டுவான். வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று மஞ்சள் வெளிச்சத்தை வடிகட்டுகிற பூச்சு அது. வடிகட்டினால் மொத்த வெளிச்சம் குறையத்தானே செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டுகிறவனைக் கேட்டுப் பார்.

முதலில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு வா, மிச்சத்தைப் பேசுவோம்.

வில்லியனூர் வேகன்:

அண்ணே, என் காரில் லென்ஸ் வைத்த புரொஜெக்டர் லைட். அதில் டிம் வெளிச்சத்தின் மேல் ஓரத்து வெட்டுக்கோடு சுத்தமாக விழுகிறது, யாரும் டிம் அடித்துத் திட்டியதில்லை.

ஓ.டி. வயரிங்காரன்:

புரொஜெக்டரில் கோட்டை வெட்டுவது உள்ளே இருக்கிற தகடு, அதனால் உங்களுக்கு அவ்வளவு மோசமாகத் தெரியாது. இந்தத் தம்பி வண்டியில் வெறும் ரிஃப்ளெக்டர்தான். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கமுடியாது.

பாகூர் ஸ்ப்ளெண்டர்:

எதிர்ப்பக்கம் வருகிறவன் சார்பில் ஒரு வார்த்தை. கிருமாம்பாக்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வருகிறேன். அந்த வெள்ளை லைட் பிக்கப் எதிரே வந்தால் நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவேன். ஓரம் என்று நினைத்து இறங்கினால் அங்கே ரோடு வேலைக்குத் தோண்டிய பள்ளம். முன்பெல்லாம் போலீஸ் நிறுத்தி ஹெட்லைட்டில் கறுப்புப் பொட்டு ஒட்டுவார்கள். இந்த எல்.இ.டி.க்குப் பொட்டு போதாது, போர்வைதான் போர்த்தவேண்டும்.

கடலூர் பிக்கப்:

அண்ணே, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். பேட்டரியில் 13.9. வலது ஹோல்டரில் டிம் போட்டு 11.8. மீட்டரின் கறுப்பு முனையை ஹோல்டர் எர்த்தில் வைக்காமல் நேராக பேட்டரி மைனஸில் வைத்தால் 12.7 காட்டுகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

நீங்கள் சொன்ன எர்த் போல்ட்டையும் தேடிப் பிடித்தேன். ஸ்பேனர் போட்டதும் தலை உடைந்து கையோடு வந்துவிட்டது.

ஓ.டி. வயரிங்காரன்:

அர்த்தம் இதுதான்: எர்த் பக்கம் மட்டும் 0.9 வோல்ட் தின்கிறது, சுவிட்ச், வயர் பக்கம் 1.2 வோல்ட் தின்கிறது. 13.9-க்கு வரவேண்டிய வெளிச்சத்தில் பாதிக்குச் சற்றுமேல்தான் உனக்கு வருகிறது. இதில் 100/90 போட்டிருந்தால் கடைக்காரர் சொன்ன பகல் வந்திருக்காது, சுவிட்ச்தான் கருகியிருக்கும்.

எர்த்தை முதலில் சரிசெய். உடைந்த போல்ட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் புது ஓட்டை போட்டுக்கொள், பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்து, வளையத்தை முடுக்கி, மேலே கிரீஸ் அப்பிவிடு. முடுக்கிய பிறகு அப்பவேண்டும், முன்பே அப்பாதே. முடிந்தால் பேட்டரி மைனஸிலிருந்தே ஒரு தனி எர்த் வயர் இழுத்துவிடு.

அடுத்து ரிலே, அதாவது சின்னக் கரண்டால் தட்டினால் பெரிய கரண்டை விடுகிற சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பியதுமே ஒரு பியூஸ், அங்கிருந்து 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு. 87-இலிருந்து புது ஹோல்டருக்கு. பழைய ஹோல்டருக்கு வந்துகொண்டிருந்த டிம், பிரைட் கரண்டு இனி ரிலேயைத் தட்டிவிட மட்டும், அது 86-க்கு. 85 எர்த். ஸ்டியரிங் சுவிட்சில் இனிமேல் அரை ஆம்பியர்கூட ஓடாது. ஹோல்டர் பீங்கானில் கிடைக்கிறது, அதையே வாங்கு. ரிலேயைச் செங்குத்தாக, அதன் பின்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டு, தண்ணீர் தங்காது. சில மாடல் வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தை வெட்டும், அதற்கு இந்த இணைப்பு சரிவராது. உன் மீட்டர் கணக்கைப் பார்த்தால் உன் வண்டி அப்படி இல்லை.

பல்பு? உன் மாமா சொன்னதுதான். பெயருள்ள கம்பெனியின் சாதா 60/55, இரண்டும் ஒரே சமயத்தில் வாங்கு. 90 சதவீதம் கூட, 130 சதவீதம் கூட என்று அட்டையில் போட்ட பல்புகளும் அதே வாட்தான். இழையை மெலிதாக, நெருக்கமாகச் சுற்றியிருப்பான், கொஞ்ச தூரம் கூடத் தெரியும், ஆயுள் குறையும். ராத்திரி முழுக்க ஓடுகிற, குலுங்குகிற லோடு வண்டிக்கு அது கட்டாது. காரில் எப்போதாவது ராத்திரி போகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கும்போது ஒன்று கவனி. லாரி சாமான் கடையில் எச்4 என்று கேட்டால் 24 வோல்ட் 75/70-ஐ எடுத்துத் தந்துவிடுவான். அடி ஒன்றுதான், அப்படியே உட்காரும், உன் வண்டியில் திரி மாதிரி எரியும். அட்டையைப் பார்க்காதே, பல்பின் அடியில் போட்டிருப்பதைப் படி.

கண்ணாடிக் குப்பியைக் கையால் தொடாதே. மீன் எடுத்த கையென்றால் சொல்லவே வேண்டாம். எண்ணெய்ப் பசை பட்ட இடம் தனியாகச் சூடேறி ஆயுளைக் குறைக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டு. ரிஃப்ளெக்டரை மட்டும் துணி போட்டுத் துடைத்துவிடாதே, பூச்சு துணியோடு வந்துவிடும்.

மஞ்சக்குப்பம் மாடி:

இடையில் என் கேள்வி ஒன்று. 2024 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வண்டி முன்பக்கம் முழுக்கத் தண்ணீரில் நின்றது. அதிலிருந்து ஹெட்லைட்டுக்குள் ஆவி படிகிறது. பல்பு மாற்றினால் போகுமா?

ஓ.டி. வயரிங்காரன்:

போகாது. வெள்ளத்தண்ணீர் உள்ளே போயிருந்தால் ரிஃப்ளெக்டரில் சேறு படிந்து உரிந்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். உரிந்திருந்தால் முழு லைட்டையும் மாற்றுங்கள், அதில் எந்தப் பல்பு போட்டாலும் வீண். நன்றாக இருந்தால், பின்னால் இருக்கிற ரப்பர் தொப்பி கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை பார்த்த யாரோ அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், முக்கால்வாசி வண்டியில் இதே கதைதான்.

கடலூர் பிக்கப்:

எர்த், ரிலே, பீங்கான் ஹோல்டர், புது 60/55 எல்லாம் மாட்டியாகிவிட்டது. டிம்மில் ஹோல்டரில் இப்போது 13.5 வருகிறது. 100/90 தந்த கடையிலேயே இதை வாங்கினேன், அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். தவளக்குப்பம் வரை ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோடு தெரிகிறது. அந்தக் கோடு இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஒரே ஒரு குறை. லோடு ஏற்றியதும் எதிரே வருகிறவர்கள் டிம் அடிக்கிறார்கள். நான் போட்டிருப்பதே டிம்தான்.

ஓ.டி. வயரிங்காரன்:

பின்னால் ஐஸ் பெட்டி ஏறியதும் மூக்கு தூக்கும், அதான். வழக்கமான லோடோடு, டயர் காற்று சரியாக வைத்து, சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்து. ஹெட்லைட் நடுவின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள். டிம் போட்டால் மேல்கோடு அந்தக் குறிக்கு 5-லிருந்து 7 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும், இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும், அது நடைபாதைப் பக்கம் தெரிவதற்காக. லைட்டுக்குப் பின்னால் திருகு இருக்கும், அதைத் திருப்பி இறக்கு. ஒரு லைட்டைத் துணியால் மூடிவிட்டு மற்றதைப் பார், இல்லையென்றால் எந்தக் கோடு எதனுடையது என்று குழம்பும். காலி வண்டியில் திரும்பும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில் விழும், பொறுத்துக்கொள். டேஷ்போர்டில் லைட்டை ஏற்றி இறக்கும் குமிழ் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

கடலூர் பிக்கப்:

குமிழ் இருக்கிறது அண்ணே, ஆனால் திருப்பினால் லைட் அசையவே மாட்டேன் என்கிறது. ஐஸ் கம்பெனி சுவரில் கோடு போட்டுத் திருகிலேயே இறக்கிவிட்டேன். வலது பக்கத் திருகு சுலபமாகத் திரும்பியது. இடது பக்கம் பிளாஸ்டிக் பல் தேய்ந்து வழுக்குகிறது. அது தனியாகக் கிடைக்குமா, முழு லைட்டாகத்தான் வாங்கவேண்டுமா?

ஓ.டி. வயரிங்காரன்:

தனியாகக் கிடைப்பது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வண்டியைக் கொண்டுவா, பழைய லைட் ஒன்று கடையில் கிடக்கிறது, அதிலிருந்து கழற்றிப் பார்ப்போம். அந்தக் குமிழ் மோட்டாருக்கும் கரண்டு வருகிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். வண்டியைக் கழுவிவிட்டுக் கொண்டுவா.