எலெக்ட்ரிக் குக்கர்ல வாரச் சமையல்: பருப்பு வேகல, குருமாவுக்கு 'பர்ன்' வருது

காட்பாடிவாசி:
6 லிட்டர் எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர். வேலைக்குப் போற ரெண்டு பேருக்கு ஞாயித்துக்கிழமையே வாரத்துக்குச் சாம்பார், கொண்டக்கடலை குருமா, காரக்குழம்பு செஞ்சு வைக்கணும். பருப்பு, புளி, காய் எல்லாம் ஒண்ணா போட்டு 10 நிமிஷம் வச்சா பருப்பு முழுசா நிக்குது, காய் கூழாயிடுது. குருமா பாதியில 'பர்ன்'னு காட்டி நின்னுடுது. வீட்ல போர் தண்ணி. எங்க தப்பு?

சத்துவாச்சாரி அக்கா:
தண்ணியும் புளியும்தான். போர் தண்ணியில இருக்கிற கால்சியம் பருப்போட தோலையும் உள்சதையையும் இறுக்கிடும், புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும். பருப்புக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்துங்க. 2 கப் துவரம்பருப்பை அரை மணி ஊறவச்சு, 6 கப் தண்ணி, மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து ஹை பிரஷர்ல 12 நிமிஷம். உடனே ஆவியை வெளியேத்தாதீங்க, நுரை வால்வு வழியா பீச்சிட்டு வரும். 10 நிமிஷம் தானா அடங்கட்டும். பருப்புன்னா பாத்திரத்துல பாதிக்கு மேல போகக்கூடாது.

சாம்பாரா செஞ்சு வைக்காதீங்க. வெந்த பருப்பை மசிச்சு நாலு டப்பாவா பிரிச்சு வைங்க. புளி, காய், தாளிப்பு அன்னன்னைக்கு. கால் மணி வேலைதான்.

குடியாத்தம் சமையல்:
'பர்ன்' வர்றது அடியில ஒட்டின மசாலாவால. வெங்காயம் வதக்கினதும் அரை கப் தண்ணி ஊத்தி, மரக்கரண்டியால அடியை நல்லா சுரண்டிடுங்க. அப்புறம் கடலை, தண்ணி. தக்காளியை மேலாகப் போட்டு விட்டுடுங்க, கிளறாதீங்க. தேங்காய் விழுது மூடி திறந்த பிறகுதான். பாதியில 'பர்ன்' வந்தா கேன்சல் பண்ணி, ஆவி முழுக்க போனதும் திறந்து, சுரண்டி, அரை கப் தண்ணி சேர்த்து மறுபடி வைக்கலாம். கருகியிருந்தா வேற பாத்திரத்துக்கு மாத்தணும், கசப்பு போகாது.

கடலையை ராத்திரி ஒரு ஸ்பூன் உப்பு போட்டு ஊறவைங்க. காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு 15 நிமிஷம். அடுப்பு குக்கர் விசில் கணக்கு இதுக்கு ஒத்துவராது, அழுத்தம் கொஞ்சம் கம்மி.

காட்பாடிவாசி:
நன்றிக்கா, அண்ணா. ஒரு வாரம் தாங்குமா? கரண்ட் கட் ஆனா?

சத்துவாச்சாரி அக்கா:
ஃபிரிட்ஜ்ல 3 நாள். வியாழன், வெள்ளிக்கு வேணுங்கறது ஃப்ரீசருக்கு, மேல ஒரு விரல் இடம் விட்டு. உருளைக்கிழங்கு மட்டும் வேண்டாம், பொடிப்பொடியா ஆயிடும். சூடா உள்ள வைக்காம, அகலத் தட்டுல ஆறவிட்டு 2 மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும். எடுத்தா தளதளன்னு கொதிக்கவிட்டுத்தான் சாப்பிடணும். சோறு சேத்து வைக்காதீங்க, 20 நிமிஷ வேலைக்கு எதுக்கு?

கரண்ட் போனா மூடியைத் திறக்காதீங்க. வந்ததும் சில மாடல் விட்ட இடத்துல தொடரும், சிலது தொடராது. டிஸ்ப்ளே பாத்து நேரத்தைத் திருப்பி வைங்க.

குடியாத்தம் சமையல்:
காரக்குழம்புக்கு முள்ளு கத்திரிக்காய்னா குக்கரே வேண்டாம். 2023ல புவிசார் குறியீடு வாங்கின இலவம்பாடி காய், அதைக் களி பண்றது அநியாயம். கடாய்ல 3 ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, நாலா கீறி, மூடி வதக்கி, அப்புறம் புளித்தண்ணி. குக்கர் ரப்பர்ல குழம்பு வாசம் ஏறிடும், பாயசத்துக்குத் தனி ரப்பர் ஒண்ணு வாங்கிடுங்க.