மறு: ‘லீன்’: பற்றுரிமையா, கையிருத்துரிமையா?

அனைவருக்கும் வணக்கம்.

‘லீன்’ (lien) என்பது, வர வேண்டிய பணத்துக்காக இன்னொருவரின் பொருள் மீது ஒருவருக்கு உள்ள உரிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சட்டச் சொல். அதற்குத்தான் பற்றுரிமை இருக்கிறதே, ‘கையிருத்துரிமை’ என்று புதுச் சொல் எதற்கு என்று சென்ற மடலில் கேட்டிருந்தீர்கள். வங்கிக் கடனுக்கு அது பொருந்தலாம். ஆனால் சொலிசிட்டர், அதாவது இங்கிலாந்தில் வழக்கின் தாள்வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர், அவருடைய கட்டணத் தகராறில் அது ஆளைப் பயமுறுத்துகிறது.

லண்டனில் இருக்கும் என் பெரியம்மா, வீட்டு வழக்கொன்றில் சொலிசிட்டரை மாற்ற நினைத்தார். பழையவர் கெடுத் தேதியைத் தவறவிட்டார் என்பது அவர் மனக்குறை. பழையவரோ பாக்கிக் கட்டணம் வரும்வரை கோப்பைத் தர முடியாது, தமக்கு லீன் உண்டு என்று கடிதம் எழுதிவிட்டார். ‘உங்கள் ஆவணங்கள் மீது அவருக்குப் பற்றுரிமையாம்’ என்று தொலைபேசியில் மொழிபெயர்த்தேன். ‘அப்ப வீடு அவருக்கா?’ என்று அழ ஆரம்பித்துவிட்டார். பற்று என்றதும் அவர் காதில் விழுந்தது கைப்பற்றுதல்.

உண்மையில் அந்த உரிமை மிகச் சிறியது. வேலைக்காகத் தன் கைக்கு வந்த தாள்களை, கூலி வரும்வரை திருப்பித் தராமல் வைத்திருக்கலாம். விற்க முடியாது. தைத்த சட்டையைத் தையற்காரர் மடித்து வைத்துக்கொள்வதைப் போலத்தான். வழக்கு நடக்கும்போது சொலிசிட்டரே விலகிக்கொண்டால், பொதுவாக ஓர் உறுதிமொழி வாங்கிக்கொண்டு கோப்பைப் புதியவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அதனால் ‘கையிருத்துரிமை’ என்கிறேன். கையில் இருத்திவைப்பது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ‘தடுத்துவைப்புரிமை’ தடுப்புக் காவலை நினைவூட்டுகிறது. ‘பிணையுரிமை’ என்றால் கட்சிக்காரரே பிணையாகக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். வழக்கில் கிடைத்த பணத்தின் மீது சொலிசிட்டர் கோரும் உரிமை வேறு. அதற்குப் பற்றுரிமையே இருக்கட்டும்.

இந்தியச் செய்திகளிலும் இந்தச் சொல் உதவும். 2000-இல் ஆர்.டி. சக்சேனா என்ற வழக்கறிஞரின் வழக்கில், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு பாக்கிக்காக வைத்துக்கொள்ள அனுமதிக்கும் சரக்குக்குள் வழக்குக் கோப்பு வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்பை வைத்துக்கொள்ளும் கையிருத்துரிமை இங்கே வழக்கறிஞருக்கு இல்லை.

இன்னொன்று. இங்கிலாந்தின் 1974 சொலிசிட்டர்கள் சட்டப்படி, பில் வந்த ஒரு மாதத்துக்குள் கட்சிக்காரர் கேட்டால் நீதிமன்றம் அந்தத் தொகையைச் சரிபார்க்க வேண்டும். இதன் பழைய பெயர் ‘டாக்சேஷன்’. தயவுசெய்து வரிவிதிப்பு என்று எழுதிவிடாதீர்கள். ‘கட்டண மதிப்பாய்வு’ போதும்.

அப்புறம், யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு ஒரு கேள்வி. 1974-க்கு முன் இலங்கையில் அப்புக்காத்து, பிரக்கிராசி என இரு வகையினர் இருந்தார்கள். மன்றில் வாதாடுபவர் ஒருவர், தாள்வேலை பார்ப்பவர் மற்றவர். சொலிசிட்டரைப் பிரக்கிராசி என்றே சொல்லலாமா? காசு தராததால் பிரக்கிராசி காணி உறுதியை (பத்திரத்தை) திருப்பித் தராமல் வைத்திருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை எந்தச் சொல்லால் சொன்னார்கள்? அப்படி ஒரு சொல் கிடைத்தால் என் சொல்லை விட்டுவிடுகிறேன்.