சோசல் காசு எடுத்தால் சீ விசா கிடைக்காதா? (சுவிஸ், பேர்ண் கன்ரோன் என்ற மாநிலம்)

தூண்வாசி:

வணக்கம். சுவிஸில் தூண் என்ற நகரத்தில் இருக்கிறோம். நான், மனைவி, மூன்று பிள்ளைகள். 2010இல் வந்து, எப் என்ற தற்காலிக விசாவில் ஆறு வருடம் இருந்து, 2016 வைகாசியில் பீ என்ற வதிவிட விசா கிடைத்தது. வருகிற வைகாசியோடு பீயில் 10 வருடம். நிரந்தர வதிவிடம் தருகிற சீ விசாவுக்கு எழுதலாம் என்று எல்லாப் பத்திரமும் எடுத்து வைத்திருந்தேன்.

கார்த்திகையில் நான் வேலை செய்த றெஸ்டோரன்ட்டைப் பூட்டிவிட்டார்கள். 7 வருடம் அதே குசினி. ராவ் என்ற வேலையற்றோர் அலுவலகத்தில் பதிந்துவிட்டேன், சம்பளத்தில் 80 வீதம் வருகிறது. வாடகை 1,650 பிராங். மனைவி கிழமைக்கு மூன்று பின்னேரம் துப்புரவு வேலைக்குப் போகிறா. எப்படிக் கூட்டினாலும் மாதக் கடைசியில் அறுநூறு எழுநூறு துண்டு விழுகிறது. கிராங்கன்காசா என்ற மருத்துவக் காப்புறுதிக்கு இரண்டு மாதம் கட்டவில்லை. இரண்டாவது நினைவூட்டல் கடிதம் நேற்று வந்தது.

கெமைண்ட என்ற ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். குறைகிற காசைச் சோசல் என்ற சமூக உதவி அலுவலகம் தரலாம் என்று ஒரு விண்ணப்பம் தந்தார்கள். எட்டு நாளாக மேசையில் கிடக்கிறது. மூத்த மகள் அதன் மேல் கொப்பியை வைத்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் எடுத்து ஓரமாக வைக்கிறேன், மறுநாள் பார்த்தால் திரும்ப அங்கேயே கிடக்கிறது. கையெழுத்து வைக்கப் பயமாக இருக்கிறது.

மூன்று நான்கு மாதம் எடுத்தால் சீ இல்லாமல் போகுமா? ராவ் காசு, பிள்ளைக் காசு, கிராங்கன்காசாவுக்குக் கன்ரோன் தருகிற சலுகை, இதெல்லாமும் சோசல் கணக்கில் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எம்மன்தால்:

ஒன்றையும் எடுக்காதீர்கள். என் மச்சானுக்குச் சோசல் எடுத்ததாலேயே சீ மறுத்துக் கடிதம் வந்தது. ராவ் காசும் அரசாங்கக் காசுதானே, எல்லாம் ஒரே கணக்குத்தான். தெரிந்தவர்களிடம் கைமாற்றாக வாங்கிச் சமாளியுங்கள்.

பீல் அக்கா:

தம்பி தூண்வாசி, முதலில் எம்மன்தால் சொன்னதில் ஒன்றைத் திருத்தவேண்டும். ராவ் மூலம் வருவது காப்புறுதிப் பணம். ஏழு வருடமாக உங்கள் சம்பளச் சீட்டில் அதற்காக வெட்டினார்களே, அதுதான். 18 மாதம் கட்டியவருக்கு 400 நாள் படி. அது சோசல் இல்லை. பிள்ளைக் காசும் சோசல் இல்லை. கிராங்கன்காசா சலுகையும் இல்லை. பேர்ணில் அதை வரிக் கணக்கைப் பார்த்துத் தாங்களாகவே தருகிறார்கள். நான் ஆஸ்பத்திரியிலும் சோசல் அலுவலகங்களிலும் மொழிபெயர்க்கப் போகிறவள். இந்தச் சலுகை வந்தால் விசா போய்விடும் என்று எழுதிக் கொடுத்து நிறுத்தச் சொன்ன ஒரு குடும்பத்தைக் கண்டிருக்கிறேன். நான்கு பிள்ளைகள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சோசல் காசு வேறு கதை. அது கணக்கில் வரும், மறைக்கவும் முடியாது. பீ விசாக்காரர் எடுத்தால் சோசல் அலுவலகமே விசா அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும், சட்டம் அப்படி. சீ கொடுக்கும்போது நான்கு விடயம் பார்ப்பார்கள்: சட்ட ஒழுங்கு, அரசியலமைப்பின் மதிப்புகள், மொழி, உழைத்து வாழ்வது அல்லது படிப்பது. சோசல் எடுப்பது கடைசியில்தான் இடிக்கும். ஆனால் ஏன் எடுத்தார், எவ்வளவு காலம், எவ்வளவு தொகை, இப்போதும் எடுக்கிறாரா, தன் பிழையால் வந்ததா என்றும் பார்க்கவேண்டும். நோய், உடல் இயலாமை, உழைத்தும் போதாத வருமானம், வீட்டில் ஒருவரைப் பராமரிப்பது போன்றவற்றைக் கவனத்தில் எடுக்கவேண்டும் என்று அதே விதியிலேயே இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2012இல் என் கணவருக்கு முதுகுத் தட்டு விலகியது. சம்பளத்துக்குப் பதிலாக வந்த நோய்க்காசு இரண்டு வருடத்தில் முடிந்துவிட்டது. ஐவி என்ற இயலாமைக் காப்புறுதியின் முடிவு அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் 14 மாதம் சோசலில் இருந்தோம். முதல் நாள் அந்த அலுவலக வாசலில் ஒரு தமிழ் ஆளைக் கண்டு, நான் பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றேன். அவரும் அங்கேதான் வந்திருந்தார் என்று உள்ளே போனபிறகுதான் தெரியும்.

ஐவி முடிவு வந்தபோது பின்னோக்கிக் கணக்கிட்டுத் தந்த பணத்தில் பெரும்பகுதி நேராகச் சோசலுக்குப் போனது. அப்படித்தான் கழிப்பார்கள். 2019இல் சீக்கு எழுதினோம். டொக்டர் கடிதங்கள், ஐவி முடிவு, என் வேலை ஒப்பந்தம், சோசல் முடிந்துவிட்டது என்ற உறுதிக் கடிதம் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு நீலக் கோப்பில் அடுக்கினேன். அலுவலகப் பெண் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே வந்தா. ஐவி கடிதத்தில் மட்டும் நிறுத்தி முழுவதும் வாசித்தா. மூன்று மாதத்தில் சீ வந்தது.

உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன், கன்ரோனுக்குக் கன்ரோன் நடைமுறை வேறு. சோசல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே சீக்கு எழுதினால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். வேலை கிடைத்து, சோசல் நின்று, கொஞ்சக் காலம் போன பிறகு எழுதுங்கள். சீ தள்ளிப்போவது வேறு, நாட்டை விட்டு அனுப்புவது வேறு. சீ இல்லை என்றால் பீயில் தொடர்ந்து இருப்பீர்கள். பீயைப் பறிக்கவும் சோசல் ஒரு காரணமாகலாம், அது உண்மை. ஆனால் கடை பூட்டியதால் நான்கு மாதம் எடுத்தவரையும் வருடக்கணக்கில் வேலை தேடாமல் இருந்தவரையும் ஒரே தராசில் வைக்கமாட்டார்கள்.

ராவுக்கு மாதாமாதம் கொடுக்கிற வேலை தேடிய பட்டியலின் பிரதிகளை எறியாதீர்கள். நாளைக்கு அதுதான் உங்கள் சாட்சி. மொழிச் சான்றிதழ் எடுத்துவிட்டீர்களா? சீக்குப் பேச்சில் ஏ2 நிலை, எழுத்தில் ஏ1 நிலை வேண்டும். வேலை இல்லாத இந்த நேரத்தில் பீடே என்ற மொழிப் பரீட்சையை எழுதி முடியுங்கள்.

சுவிஸ் பாஸ்போர்ட் எண்ணமும் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக விண்ணப்பத்துக்கு முந்திய 3 வருடம் சோசல் எடுத்திருக்கக்கூடாது. பேர்ணில் அது 10 வருடம். எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கட்டினால் அந்தத் தடை இல்லை.

சென்காலன்:

கைமாற்று வாங்கச் சொன்னதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நான் அதைத்தான் செய்தேன். 2017இல் வேலை போனபோது மானம் போகும் என்று சோசல் பக்கமே போகவில்லை. நண்பர்களிடம் வாங்கினேன், கிரெடிட் கார்ட்டில் எடுத்தேன், கிராங்கன்காசாவையும் வரியையும் விட்டுவிட்டேன். ஒன்றரை வருடத்தில் 11,000 பிராங்குக்குப் பெட்றைபுங் என்ற கடன் அறவீட்டு நடவடிக்கை வந்துவிட்டது. சீக்கு எழுதப் போனபோது முதலில் கேட்டது அந்தக் கடன் பதிவுப் பத்திரத்தைத்தான். ஒரு ராப்பன்கூடச் சோசல் எடுக்காத எனக்கு, கடன் ஒழுங்காகும்வரை சீ இல்லை என்றார்கள். பதிவு 5 வருடம் தெரியும். கட்டி முடித்தும் அது அங்கே கிடந்தது.

கிராங்கன்காசாவுக்கு இன்றைக்கே ரெலிபோன் எடுத்துத் தவணை கேளுங்கள். பெட்றைபுங் போடமுதல் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பேர்ணில் கடன் ஆலோசனை நிலையமும் இருக்கிறது.

எம்மன்தால்:

ராவ் காசு பற்றி நான் பிழையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மச்சானிடம் திரும்பக் கேட்டேன். அவர் சோசலில் இருந்தது ஆறு வருடம், மறுப்புக் கடிதம் வந்தபோதும் எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தூண்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கிராங்கன்காசாவோடு கதைத்தேன், ஐந்து தவணை தந்திருக்கிறார்கள். சீ விண்ணப்பத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். சோசலில் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மனைவியின் பெயரிலும் பதிவாகுமா? என்னென்ன கொண்டுபோகவேண்டும்? அலுவலக டொச் (ஜேர்மன் மொழி) எனக்கு விளங்காது. மகள் ஏழாம் வகுப்பு, நல்லாய்க் கதைப்பாள், அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன்.

பீல் அக்கா:

குடும்பத்தை ஒன்றாகத்தான் கணக்கெடுப்பார்கள், மனைவியின் கோப்பிலும் தெரியும். அவவுக்கு இன்னும் சில மணித்தியாலம் வேலை கூட்டமுடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் கேட்டதற்கு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

வாடகை ஒப்பந்தம், ராவின் கடைசி மூன்று மாதக் கணக்கு, மனைவியின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விபரம், கிராங்கன்காசா தவணைக் கடிதம், எல்லாருடைய விசா அட்டை. இருக்கிற எல்லா வங்கிக் கணக்கையும் காட்டுங்கள், ஊரில் காணி இருந்தால் அதையும் சொல்லுங்கள். பின்னால் தெரியவந்தால் அதுதான் பெரிய பிரச்சினை.

மகளைக் கூட்டிப் போகாதீர்கள் தம்பி. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாளைக் காலையே ரெலிபோனில் சொல்லுங்கள், ஒழுங்கு செய்யக் கேட்கலாம். நான் போகிற இடங்களில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தகப்பனின் கடன் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இருப்பார்கள். புதன்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகட்டும்.