பழைய வண்டிகளுக்கு முன்னால் நின்றபோது

சிங்கப்பூரிலிருந்து சிலர் எழுதிய கடிதங்கள்.

ஈசூனிலிருந்து:

அப்பா ஜாலான் புசார் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் மெக்கானிக். போன டிசம்பர் விடுமுறையில் கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள், அப்படியே ஜீடீ கார் மியூசியத்துக்கும் போய்வந்தோம். நான் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்பா முதல் வண்டியிலேயே நின்றுவிட்டார்.

அது 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரி. சைக்கிள் போலக் கம்பிச் சக்கரம், ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு கைப்பிடி, பின்னால் ஒற்றை சிலிண்டர். ஒரு குதிரைசக்திகூடக் கிடையாது. வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். அப்பா வலிக்கிற முழங்காலோடு குனிந்து, எஞ்சினைச் சீராகச் சுழல வைக்கும் கனச் சக்கரமான பிளைவீல் ஏன் படுத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்த்தி வைத்தால் வண்டியைத் திருப்புவது சிரமமாகிவிடும் என்று பென்ஸ் பயந்தாராம். நான் போனில் தேடிச் சொன்னதும், "அதானே!" என்றார்.

அப்புறம் பெர்தா பென்ஸ் கதையைச் சொன்னேன். 1888-இல் கணவரிடம் சொல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் வாங்கியது மருந்துக்கடையில். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்திருக்கிறார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்திருக்கிறார். அப்பா உடனே, "அப்போ பிரேக் லைனிங் அந்தம்மா போட்ட வழிதான்டா" என்றார்.

சிங்கப்பூருக்கு 1896-இல் காட்ஸ் பிரதர்ஸ் கொண்டுவந்த முதல் காரும் பென்ஸ்தான். நம்மூரில் 1990-இலிருந்து சிஓஇ, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ். பத்து வருஷம் ஆனதும், மேற்கொண்டு பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் வண்டி போய்விடும். நன்றாக ஓடுகிற எஞ்சின்களை எத்தனை தடவை ஸ்கிராப்புக்கு அனுப்பியிருக்கிறார் அப்பா! வெளியே வரும்போது, "ஒரு வண்டியை வயசாக விட்டிருக்காங்க பாரு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தோ பாயோவிலிருந்து:

ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் தீயணைப்பு நிலையத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். உள்ளே இருக்கிற காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே மெரிவெதர் நிறுவனத்தின் பழைய நீராவித் தீயணைப்பு வண்டி இருக்கிறது. அடுப்பை மூட்டி, தண்ணீர் கொதித்து ஆவி சேர்ந்த பிறகுதான் பம்பு ஓடும்.

அம்மா அதைவிட மணியைத்தான் பார்த்தார். 25 மே 1961, புக்கிட் ஹோ சுவீ தீ. ஹஜ்ஜுப் பெருநாள் அன்று. ஏறக்குறைய பதினாறாயிரம் பேர் வீடிழந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. பாட்டி தையல் மிஷினின் தலைப்பாகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அம்மா மணியைத் தொடவில்லை. தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சத்தம் நிக்கவே இல்லப்பா அன்னைக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்கு எல்லோரும் 15 பிப்ரவரி 1942-இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் அங்கே சரணடைந்ததற்காகத்தான் போகிறார்கள். அது 1941 அக்டோபரில் கார் பூட்டத் திறந்த இடம், தென்கிழக்காசியாவிலேயே முதல் ஃபோர்டு கார் பூட்டும் ஆலை. ஜப்பானியர் வரும் முன் சில மாதங்கள்தான் அந்த வேலை நடந்தது; போருக்குப் பிறகு மறுபடி தொடங்கி 1980 வரை ஓடியது. முகப்பைப் பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் ஈசூனிலிருந்து:

தோ பாயோ அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆவி ஏற எத்தனை நிமிஷம் ஆகும்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். வரும் சனிக்கிழமை ஹில் ஸ்திரீட் போகிறோம். முடிந்தால் உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள்.