உதவி: புது கான்ட்ரா நடனம், பி2-வில் ஆள் மாறிப் போகிறது

தாளக்கட்டு:
இம்ப்ராப்பர் வரிசைக்கு (ஜோடிகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும் நீள வரிசை) ஒரு புது கான்ட்ரா நடனம் கட்டியிருக்கிறேன். 64 கவுண்ட், ஏ1 முதல் பி2 வரை 16 கவுண்டாக நாலு பகுதி. ஜோடியில் இடப்பக்கம் ஆடுபவர் லார்க், வலப்பக்கம் ஆடுபவர் ராபின். பார்ட்னர் சொந்த ஜோடி; நெய்பர் எதிர் ஜோடியில் இருப்பவர், ஒவ்வொரு சுற்றிலும் மாறுவார்.

ஏ1: நெய்பர் பேலன்ஸ் (முன்னும் பின்னும் அடி வைத்தல்), ஸ்விங் (இருவரும் பிடித்துச் சுழல்தல்) (16)
ஏ2: இடப்பக்க வட்டம் முக்கால் (8), பார்ட்னர் ஸ்விங் (8)
பி1: லாங் லைன்ஸ், அதாவது பக்க வரிசைகள் முன்னே போய்ப் பின்வருதல் (8), ராபின்ஸ் செயின், அதாவது ராபின்கள் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க லார்க்கிடம் போதல் (8)
பி2: வலக்கை ஸ்டார், அதாவது நால்வரும் நடுவில் வலக்கை சேர்த்து ஒரு சுற்று (8), அடுத்த நெய்பருடன் டோ-சி-டோ, அதாவது கை கொடுக்காமல் ஒருவரையொருவர் சுற்றி வருதல் (8)

நாலு காசை நகர்த்திப் பார்த்தால் கணக்கு இடிக்கவில்லை. ஆடும்போதுதான் சிக்கல். ஸ்டாருக்குக் கை சேரவே தாமதமாகிறது. முடிந்ததும் ராபின்கள் பழைய நெய்பர் பின்னாலேயே போய்விடுகிறார்கள். அடுத்த ஏ1 பேலன்ஸ் பிந்துகிறது. வாக்-த்ரூவை (இசைக்கு முன் நடந்து பார்க்கும் ஒத்திகையை) நீட்டினால் சரியாகுமா?

வரிசைக்கடைசி:
நீட்ட வேண்டாம், கோளாறு ஸ்டாரின் கையில் இருக்கிறது. செயினின் பின்பாதி கோர்ட்டஸி டர்ன். ஜோடி கடிகாரத்துக்கு எதிராகச் சுழல்கிறது, ராபினின் வலக்கை இடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. அந்த நொடியில் வலக்கை ஸ்டார் என்றால் சுழற்சியை நிறுத்தி, கையை முன்னே கொண்டுவந்து, எதிர்த்திசையில் கிளம்ப வேண்டும். இடக்கை ஸ்டாராக மாற்றுங்கள். ராபின் நேரே நடந்து இடக்கையை நீட்டினால் போதும், லார்க் அவர் பின்னால் வந்துவிடுவார். முழுச் சுற்று என்பதால் முடியும் இடம் மாறாது.

தாளக்கட்டு:
மாற்றிப் பார்த்தாயிற்று. நுழைவு வெண்ணெய்யாகப் போகிறது. ஆனால் இப்போது ராபின்கள் சரி, லார்க்குகள் தவறுகிறார்கள்!

வரிசைக்கடைசி:
எதிர்பார்த்ததுதான். எந்தக் கை ஸ்டாரானாலும் ஒரு பாதிப் பேருக்கு அடுத்த நெய்பர் நேர் எதிரே வருவார், மறுபாதி வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இடக்கை ஸ்டாரில் திரும்புகிறவர் லார்க். அவர் கண்முன் தெரிவது பழைய நெய்பரின் முதுகு, அதையே தொடர்ந்தால் இன்னொரு சுற்றுதான். வாக்-த்ரூவில் ஸ்டார் முடிந்த இடத்தில் எல்லோரையும் நிறுத்தி, "லார்க், முன்னால் இருப்பவரை விடுங்கள், வலத்தோள் பக்கம் பாருங்கள்" என்று ஒரே வரி சொல்லுங்கள். ராபினுக்கு எதுவும் சொல்லாதீர்கள், சொன்னால் அவரும் திரும்பிவிடுவார்.

மூன்றாம்_சுற்று:
டோ-சி-டோவை எடுத்துவிட்டு அலெமாண்ட் ரைட் (இருவர் வலக்கை பிடித்துச் சுற்றுவது) வைக்கலாமே? கை கிடைத்தால் தவறிப்போகிறவரை இழுத்துப் பிடிக்கலாம்.

வரிசைக்கடைசி:
ஒரு சுற்று அலெமாண்டுக்கு 8 கவுண்ட் அதிகம், கையைப் பிடித்தபடி ஊர்வலம் போக வேண்டியிருக்கும். ஒன்றரை சுற்றினால் இடம் மாறிவிடும். டோ-சி-டோவே இருக்கட்டும், அசைவைச் சொல்லும் அறிவிப்பை மட்டும் முன்னே தள்ளுங்கள். நிமிடத்துக்கு 116 கவுண்ட் வேகத்தில் 8 கவுண்ட் என்பது நாலு நொடி சொச்சம். "நெக்ஸ்ட் நெய்பர், டோ-சி-டோ" என்பது ஸ்டாரின் 5-ஆம் கவுண்டில் தொடங்கி 8-க்குள் முடிய வேண்டும். 7-இல் தொடங்கினால் கால்கள் ஏற்கெனவே தப்பான திசையில் போயிருக்கும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு ஏ1, ஏ2 அறிவிப்புகளை நிறுத்தலாம். "நெக்ஸ்ட்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கடைசியாக விடுங்கள்.

தாளக்கட்டு:
சரி. வரிசையின் நுனியில் காத்திருக்கும் ஜோடி ஒவ்வொரு முறையும் தூங்கிவிடுகிறது. அது ஏன்?

மூன்றாம்_சுற்று:
பெரும்பாலான நடனங்களில் பி2-வின் முடிவில்தான் ஜோடி அடுத்த நெய்பர்களிடம் முன்னேறும், அதனால் வெளியே நிற்பவர் ஏ1-இல் உள்ளே வந்தால் போதும் என்று பழகியிருப்பார். உங்களுடையதில் முன்னேற்றம் பி2-வின் நடுவிலேயே நடந்துவிடுகிறது, டோ-சி-டோவுக்கே அவர் வேண்டும். வாக்-த்ரூ முடிவில் நுனி ஜோடிகளைப் பார்த்து இரண்டு விஷயம் சொல்லுங்கள்: வெளியே வந்ததும் இடம் மாறி, லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கமாக வரிசையைப் பார்த்து நிற்க வேண்டும்; அடுத்த முறை ஸ்டார் சுற்றத் தொடங்கியதும் தயாராக வேண்டும்.

இன்னொன்று, பெயர் வைக்கும் முன், கான்ட்ரா நடனங்களைத் தொகுத்திருக்கும் தி காலர்ஸ் பாக்ஸ் தளத்தில் தேடிப் பாருங்கள். இவ்வளவு எளிமையான அடுக்கை வேறு யாராவது முன்பே கட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.