நோயின் பெயர் உறுதியாகும் முன்பே குறைமாதக் குழந்தைக்கு இடையீட்டுப் பயிற்சி தொடங்க வேண்டுமா?

கேள்வி (குழந்தையின் தாய்)

எங்கள் மகள் 30-ஆவது வாரத்தில் பிறந்தாள். இப்போது அவளுக்கு ஆறு மாதம். பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து கணக்கிட்டால் 16 வாரம்தான் ஆகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது எடுத்த தலை ஸ்கேனில் சிறிய இரத்தக்கசிவு தெரிந்தது. பிறகு அது கரைந்துவிட்டதாகச் சொன்னார்கள். சென்ற வாரப் பரிசோதனையின்போது அவளை மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடங்கள் காணொளி எடுத்தார்கள். அதைப் பார்த்த மருத்துவர், இந்த வயதில் தெரிய வேண்டிய ஒருவகைச் சிறு அசைவுகள் தெளிவாக இல்லை என்றும், இடது கையை அவள் குறைவாகவே அசைக்கிறாள் என்றும், ஆரம்பநிலை இடையீட்டை, அதாவது வளர்ச்சிக்கு உதவும் பயிற்சியை, இப்போதே தொடங்குவது நல்லது என்றும் கூறினார். ஆனால் எந்த நோயின் பெயரையும் அவர் சொல்லவில்லை.

ஒரு வயது வரை பொறுத்திருந்து பார்க்கலாம், குறைமாதக் குழந்தைகள் தாமதமாகத்தான் தேறுவார்கள் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். என்ன குறை என்றே தெரியாதபோது எதற்காகப் பயிற்சி கொடுப்பது, சில நிமிடக் காணொளியை எவ்வளவு தூரம் நம்பலாம், இத்தகைய பயிற்சிகளால் நிலையான பலன் கிடைக்கும் என்று ஆய்வுகள் உண்மையிலேயே காட்டியிருக்கின்றனவா என்பதை, ஆறுதலுக்காகக் கூட்டியோ குறைத்தோ சொல்லாமல், விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 (குழந்தைகள் இயன்முறை சிகிச்சையாளர்)

உங்கள் மருத்துவர் பார்த்தது, ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் குழந்தைகளின் தன்னியல்பான அசைவுகளைப் பதிவுசெய்து உருவாக்கிய மதிப்பீட்டு முறையாகும். குறித்த நாளிலிருந்து ஏறத்தாழ 9 முதல் 20 வாரம் வரை, விழித்து அமைதியாக இருக்கும் குழந்தையின் கழுத்திலும் உடற்பகுதியிலும் கைகால்களிலும் எல்லாத் திசைகளிலும் சிறுசிறு அசைவுகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் 130 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்த அசைவுகள் இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் பின்னாளில் நரம்பியல் குறை ஏதுமின்றி வளர்ந்தார்கள்; அசைவுகள் இல்லாமலோ மாறுபட்டோ இருந்த 60 பேரில் 57 பேருக்குக் குறை வெளிப்பட்டது. சில நிமிடக் காணொளிக்கு இவ்வளவு மதிப்புத் தருவதற்குக் காரணம் இதுதான்.

ஆயினும் இந்த எண்களை அப்படியே உங்கள் மகள்மீது ஏற்றிப் பார்க்காதீர்கள். அசைவுகள் அறவே இல்லாமல் இருப்பது வேறு, தெளிவாக இல்லாமல் இருப்பது வேறு. குழந்தை அழுதாலோ, தூக்கக் கலக்கத்தில் இருந்தாலோ, வாயில் சூப்பான் இருந்தாலோ, எதிரே யாராவது விளையாட்டுக் காட்டினாலோ அந்தப் பதிவை வைத்து முடிவு சொல்ல முடியாது.

என்னை அதிகம் கவனிக்கவைப்பது இடது கை பற்றி நீங்கள் எழுதியிருப்பதுதான். ஒரு வயதுக்குள் குழந்தை ஒரு கையையே விரும்பிப் பயன்படுத்துவது கைப்பழக்கம் அல்ல. மற்றக் கையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகள் தொடக்கத்தில் இரு பக்கங்களுக்கும் கிளைவிட்டிருக்கும். பயன்பாட்டில் இருக்கும் இணைப்புகள் வலுப்பெற, பயன்படாதவை மெல்லப் பின்வாங்கும். விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில் இது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. பிறந்தது முதல் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளிடமும் இதற்கு இசைவான மாற்றங்கள் காணப்பட்டிருக்கின்றன. ஒரு கை அசையாமலே கழியும் மாதங்கள் வெறுமனே காத்திருக்கும் மாதங்கள் அல்ல என்று நாங்கள் பெற்றோரிடம் வலியுறுத்துவதற்கு அடிப்படை இதுவே.

இனி, நோயின் பெயரைப் பற்றி. மூளை முடக்குவாதத்தை (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலியக்கம் குறைபடும் நிலையை) முன்பெல்லாம் 12 முதல் 24 மாதங்களுக்குள்தான் உறுதிசெய்வார்கள். அயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் 2017-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அசைவு மதிப்பீடு, குழந்தையின் தசை இறுக்கத்தையும் அசைவுகளையும் சோதிக்கும் ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் திருத்திய வயது (குறித்த நாளிலிருந்து கணக்கிடும் வயது) ஆறு மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் சரியாகக் கணிக்கலாம் என்று காட்டியது. உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் ‘முடக்குவாத வாய்ப்பு அதிகம்’ என்று மட்டும் குறித்துக்கொண்டு இடையீட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை.

பதில் 2 (ஆய்வு இதழ்களைத் தொடர்ந்து வாசிப்பவர்)

பலன் நிலைக்குமா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் அளிக்கப்படும் பயிற்சித் திட்டங்களைப் பற்றிய 25 ஆய்வுகளை, மொத்தம் 3,615 குழந்தைகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2015-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மழலைப் பருவத்தில் அறிவுத்திறனிலும், சிறிய அளவில் உடலியக்கத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. அறிவுத்திறன் பலன் பள்ளிக்கு முந்தைய வயது வரை நீடித்தது. பள்ளி வயதில் அது நிலைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் 1985-இல் எட்டு இடங்களில், எடை குறைந்து குறைமாதத்தில் பிறந்த 985 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து கற்பிப்பதும் பின்னர் குழந்தை மையத்தில் சேர்ப்பதுமாக மூன்று வயது வரை இடையீடு தொடர்ந்தது. மூன்று வயதில், பிறப்பு எடை 2,001 முதல் 2,500 கிராம் வரை இருந்தவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட நுண்ணறிவு அளவீட்டில் 13.2 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றார்கள். அதற்கும் குறைந்த எடையுடன் பிறந்தவர்களுக்குக் கிடைத்த கூடுதல் 6.6 புள்ளிகள்தான். பதினெட்டு வயதில் மீண்டும் பார்த்தபோது பிறப்பு எடை கூடுதலாக இருந்தவர்களிடம் சில திறன்களில் வேறுபாடு எஞ்சியிருந்தது. பிறப்பு எடை குறைவாக இருந்தவர்களிடம் எஞ்சவில்லை.

மறுபுறம், ஜமைக்காவில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு நலப்பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் சென்று, தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடும் முறைகளைக் கற்பித்தார்கள். வேறொரு பகுதியினருக்கு ஊட்டச்சத்து மட்டும் கொடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் 25 விழுக்காடு அதிகமாக இருந்ததாக 2014-இல் அறிக்கை வெளியானது. அக்குழந்தைகளின் சிக்கல் வறுமையும் ஊட்டக்குறைவும்; உங்கள் மகளுடையது வேறு. ஆகவே ஒன்றின் வெற்றியைக் காட்டி மற்றொன்றுக்கு உறுதி அளிப்பவர்களிடம் கவனமாக இருங்கள். இவற்றையெல்லாம் படித்த பின்னும், என் குழந்தையாக இருந்தால் நான் காத்திருக்க மாட்டேன். தேவையில்லாமல் தொடங்கியிருந்தால் இழப்பது கொஞ்சம் நேரம்தான்; தேவை இருந்தும் தொடங்காவிட்டால் இழப்பதைத் திரும்பப் பெறுவது கடினம்.

இன்னொன்று: செவித்திறனையும் விழித்திரையையும் பரிசோதித்துவிட்டார்களா என்று உறுதிசெய்யுங்கள். செவிக்குறை ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன், பின்னர் கண்டறியப்பட்டவர்களுடையதைவிட மேம்பட்டிருந்ததை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆரம்பநிலை இடையீட்டுக்குக் கிடைத்துள்ள தெளிவான சான்றுகளில் அதுவும் ஒன்று.

பதில் 3 (ஏழு வயதுச் சிறுவனின் தாய்)

பொறுத்துப் பாருங்கள் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். பதினான்கு மாதத்தில்தான் பயிற்சி தொடங்கியது. முன்பே தொடங்கியிருந்தால் என் மகன் இன்று எப்படி இருந்திருப்பான் என்பதை யாராலும் சொல்ல முடியாது; அவன் காலில் தாங்கி அணிந்து நடக்கிறான், ஓயாமல் பேசுகிறான். ஆனால் பயிற்சிக்கு முந்தைய பத்து மாதங்கள் ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் செய்வதறியாமல் நான் தனியே அழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். பயிற்சி தொடங்கிய பிறகு எனக்கு முதலில் கிடைத்தது அவனை எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைப்பது என்ற தெளிவும், கேட்பதற்கு ஓர் ஆளும்தான். உங்கள் தூக்கத்தையும் மனநிலையையும் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. செவிப் பரிசோதனை முடிந்துவிட்டது. கண் பரிசோதனைக்கு மீண்டும் வரச்சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி என்றால் கைகால்களை நாங்கள் பிடித்து மடக்கி நீட்டிவிடுவதா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பதில் 1 (தொடர்ச்சி)

பிறர் பிடித்து அசைத்துவிடுவதால் குழந்தையின் மூளை இயக்கத்தைக் கற்றுக்கொள்வதில்லை. குழந்தை தானே முயன்று, தவறி, மறுபடி முயல வேண்டும். அவள் பார்வையில் படும்படி இடப்பக்கத்தில் நின்று பேசுவது, இடது உள்ளங்கையில் எளிதில் பற்றக்கூடிய பொருளைத் தொடவைத்து அவள் விரல் மூடும் வரை காத்திருப்பது, விழித்திருக்கும்போது உங்கள் மார்பின்மேல் குப்புறப் படுக்கவைப்பது ஆகியவற்றைச் சிறுசிறு நேரமாக, அவள் முகம் சுளித்தால் நிறுத்தி, நாள் முழுவதும் செய்யலாம்.

நன்றாக அசையும் கைக்கு மெல்லிய உறை அணிவித்து மற்றக் கையை விளையாட்டில் ஈடுபடுத்தும் முறையை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 30 நிமிடம் வீதம், இரண்டு ஆறு வாரக் கட்டங்களாக அதைச் செய்தபோது, உடல் நீவிவிடப்பட்ட குழந்தைகளைவிடக் கைத்திறன் கூடியது. சிறிய ஆய்வுதான். சிகிச்சையாளரின் கண்காணிப்பின்றி இதை வீட்டில் தொடங்க வேண்டாம்.

அவசரமான ஒரு செய்தி. உங்கள் மகளுக்குத் திருத்திய வயது 16 வாரம் என்கிறீர்கள்; அந்தச் சிறு அசைவுகளைப் பார்த்து மதிப்பிடக்கூடிய காலம் 20 வாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அடுத்த பரிசோதனை நாள் வரும் வரை காத்திராமல், இந்த வாரத்திலேயே அவள் பசியாறி விழித்திருக்கும் வேளையில், கைகால் மறையாத மெல்லிய உடையில், யாரும் பேச்சுக் கொடுக்காமல், முழு உடலும் தெரியும்படி மேலிருந்து ஐந்து நிமிடம் பதிவுசெய்து மருத்துவருக்கு அனுப்பிவையுங்கள்.